இவ்வளவு சின்ன வயதிலேயே டயாலிசிஸா? ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகும் செவிலியருக்கு ஒரு பதில்

திருநெல்வேலியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்த்த ஒரு சகோதரிக்கு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. புறப்படுவதற்கு முன் அவர் கேட்டிருப்பது இது: "அங்கே வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் பூர்வகுடி மக்கள், முப்பது நாற்பது வயதிலேயே சிறுநீரகம் செயலிழந்தவர்கள், பலருக்குக் காது மந்தம், இதயக் கோளாறு, சிலர் சக்கர நாற்காலியில் என்று சொல்கிறார்கள். இவ்வளவு பணக்கார நாட்டில் இது எப்படி? அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்கிறார்கள் சிலர், எல்லாம் குடிதான் என்கிறார்கள் சிலர். எது உண்மை? நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?"

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரி பிரதேசத்தில் நான் சமூக சுகாதாரப் பணியில் பல வருடங்களாக இருக்கிறேன். நம் ஊரிலிருந்து வரும் செவிலியர்களும் மருத்துவர்களும் ஏறக்குறைய எல்லோருமே இதைக் கேட்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். சுருக்கமாக வேண்டுமென்றால்: நீங்கள் அங்கே பார்க்கப்போகும் நோய்களில் பெரும்பகுதி, சின்ன வயதில் தடுத்திருக்கக்கூடிய தொற்றுகளில் தொடங்கியது. அந்தத் தொற்றுகளுக்கு முக்கியக் காரணம் வீடுகளின் நிலை. அப்புறம், வந்த நோயை முடக்கமாக மாற்றுவது தூரமும், அந்த மக்களைக் கேட்காமலே போட்ட திட்டங்களும்.

கொஞ்சம் எண்களைச் சொல்லிவிடுகிறேன். 2021 கணக்கெடுப்பில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்களை அபோரிஜினல் அல்லது டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் என்று பதிவு செய்தார்கள், மொத்த மக்கள்தொகையில் 3.2%. 2020-22 கணக்குப்படி இவர்களில் ஆண்களின் சராசரி ஆயுள் 71.9 வருடம், பெண்களுக்கு 75.6. மற்ற ஆஸ்திரேலியர்களைவிட எட்டு வருடத்துக்கும் மேல் குறைவு. 2018-19 தேசிய சுகாதார ஆய்வில் 46% பேருக்கு ஒரு நாள்பட்ட நோயாவது இருந்தது. 2018 ஊனமுற்றோர் ஆய்வில் பூர்வகுடிகளில் 24% பேருக்கு ஏதோ ஒரு குறைபாடு, நாடு முழுவதற்கும் எடுத்தால் 18% அளவு. வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறதே என்று நினைக்க வேண்டாம். பூர்வகுடிகளின் இடைநிலை வயது 24தான், மொத்த நாட்டுக்கு 38. இளைஞர்கள் நிறைந்த ஒரு சமூகம், முதியவர்கள் நிறைந்த ஒரு சமூகத்தைவிட அதிகக் குறைபாட்டோடு வாழ்கிறது என்று அர்த்தம். இன்னொன்றும் உண்டு, எனக்கு இது தீராத வருத்தம்: அந்த ஊனமுற்றோர் ஆய்வு மிகத் தொலைவான பகுதிகளையும் தனித்த பூர்வகுடிக் குடியிருப்புகளையும் கணக்கிலேயே எடுப்பதில்லை. நீங்கள் பார்க்கப்போகும் நோயாளிகளில் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

சரி, நோய்க்கு வருவோம். குழந்தைகளின் தோலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தொலைதூரக் குடியிருப்புகளில் எந்த நேரம் பார்த்தாலும் கிட்டத்தட்ட பாதிக் குழந்தைகளுக்குத் தோல் புண் இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சொறி வருகிறது, குழந்தை கீறுகிறது, கீறிய இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏ கிருமி ஏறுகிறது. வெளியே பார்க்க வெறும் சிரங்கு. ஆனால் இந்த ஒரு கிருமி இரண்டு பெரிய வேலை செய்கிறது. ஒன்று, சில குழந்தைகளுக்குச் சிறுநீரக வடிகட்டிகளில் அழற்சியை உண்டாக்குகிறது. அப்போது ஆறினதுபோல் இருந்தாலும், பின்னாளில் சிறுநீரக நோய் வரும் ஆபத்தைக் கூட்டுகிறது. இரண்டு, தொண்டைத் தொற்றும் தோல் தொற்றும் திரும்பத் திரும்ப வரும்போது ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது, அது இதய வால்வுகளைக் கெடுக்கிறது.

நம் ஊரில் ருமாட்டிக் இதய நோய் இன்னும் இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவின் நகரங்களில் வளரும் டாக்டர்கள் பலர் அதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்கள். அதனால் மூட்டுவலியும் காய்ச்சலுமாக வரும் பூர்வகுடிப் பிள்ளையைச் சாதாரண வலி என்று திருப்பி அனுப்பிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. குயின்ஸ்லாந்தின் டூமாஜி என்ற சின்ன ஊரில் 2019, 2020இல் மூன்று பெண்கள் இந்த நோயோடு இறந்தார்கள், அதில் இரண்டு பேர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். 2023இல் வந்த மரண விசாரணைத் தீர்ப்பு, கவனிப்பில் நடந்த தவறுகளை வரிசையாகப் பதிவு செய்தது. இந்த நோயைத் தடுக்கும் மருந்து ஒன்றும் புதிதில்லை. 28 நாளுக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி. குறைந்தது ஐந்து வருடம் அல்லது 21 வயது வரை, இதில் எது நீளமோ அது. வால்வு கெட்டவர்களுக்கு அதைவிடவும் அதிக காலம். அந்த ஊசி போடும்போது எப்படி வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எட்டு வயதுப் பிள்ளையை மாதாமாதம் அதற்கு வரவைக்க வேண்டும், அதுவும் அடிக்கடி ஆள் மாறும் ஒரு கிளினிக்கில், புது முகமாக நிற்கும் செவிலியரிடம். தவறினால் அடுத்த தாக்குதல், பிறகு வால்வு மாற்ற அடிலெய்டுக்கோ மெல்பர்னுக்கோ விமானம், பிறகு வாழ்நாள் முழுவதும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. அந்த நிலையில் ஒரு பெண் கர்ப்பமானால் என்ன ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் சொறியும் சிரங்கும் ஏன் இவ்வளவு? "குளிக்க வைக்க மாட்டார்கள், சுத்தம் தெரியாது" என்று ஒரு பேச்சு அங்கே உங்கள் காதில் விழும், நம்மவர்கள் வாயிலிருந்தும் விழும். இதற்கு ஆதாரத்தோடு பதில் இருக்கிறது, அதைத் தேடிக் கொடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்களேதான்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், பிட்ஜன்ட்ஜாரா மக்களின் நிலத்தில், ஙானம்பா ஹெல்த் கவுன்சில் என்ற பூர்வகுடிகளே நடத்தும் சுகாதார அமைப்பு இருக்கிறது. 1980களின் நடுவில் அதை நடத்தியவர் யாமி லெஸ்டர். அவர் கண் பார்வையற்றவர். 1953இல் பிரிட்டன் ஈமு ஃபீல்டில் அணுகுண்டு சோதனை நடத்தியபோது சிறுவனாக இருந்தவர், அப்போது தங்கள் ஊர்மேல் வந்து படர்ந்த கரும்புகைதான் தன் கண்ணைப் பறித்தது என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர். அந்தச் சோதனைகள் குறித்து அரசு விசாரணை ஆணையம் அமைப்பதற்கு அவர் குரலும் ஒரு காரணம். அப்படிப்பட்ட மனிதர் ஒரு மருத்துவரையும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பணியாளர் ஒருவரையும் பால் போலராஸ் என்ற கட்டடக் கலைஞரையும் கூப்பிட்டு, கிளினிக்கை நன்றாகத்தான் நடத்துகிறோம், ஆனாலும் ஆட்கள் நோயில் விழுந்துகொண்டே இருக்கிறார்கள், அதை நிறுத்த வழி பாருங்கள் என்றார். அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். 1987இல் அறிக்கை வந்தது. முதல் தேவையாக அதில் எழுதியது: சின்னக் குழந்தையை தினம் ஒருமுறை குளிப்பாட்ட முடிய வேண்டும். அடுத்து துணியும் படுக்கையும் துவைக்க வேண்டும். பிறகு கழிவுநீர் வெளியேற வேண்டும். இப்படி ஒன்பது.

இதைத் தொடர்ந்து நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதித்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்கு ஷவர் வேலை செய்த வீடுகள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். சரி, யார் உடைத்தது? பழுதுகளில் எழுபது சதவீதம் வழக்கமான பராமரிப்பு இல்லாததால் வந்தவை. இருபது சதவீதம் போலக் கட்டும்போதே தப்பாகக் கட்டியதால். குடியிருப்பவர்கள் கெடுத்தது பத்து சதவீதத்துக்கும் குறைவு. பாலைவனத்து உப்புத் தண்ணீர் குழாயையும் ஹீட்டரையும் தின்றுவிடும், பழுது பார்க்கும் ஆள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பார், வீடோ அரசுக்குச் சொந்தம். ஒரு வீட்டில் பன்னிரண்டு, பதினைந்து பேர். அவர்கள் வைத்துக்கொண்ட விதி எனக்கு மிகவும் பிடிக்கும்: சோதிக்கப் போகிறவன் கையில் ஸ்பானரோடு போக வேண்டும், குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பக் கூடாது. நியூ சவுத் வேல்ஸில் பத்து வருடம் இப்படி வீடுகளைச் சரிசெய்த பிறகு கணக்குப் பார்த்தார்கள். தொற்றுநோயால் ஆஸ்பத்திரியில் சேர்வது, சரிசெய்யாத வீடுகளில் இருந்த பூர்வகுடி மக்களைவிட 40% குறைந்திருந்தது. பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் செய்த வேலைக்குக் கிடைத்த பலன் அது. தடுப்பூசிக்கு இணையாக மதிக்க வேண்டிய பலன் என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் துறை, சிறுநீரகம். தோல் தொற்றோடு இன்னும் சில காரணங்கள் சேர்கின்றன. டார்வினுக்கு வடக்கே திவி (Tiwi) தீவுகளில் வெண்டி ஹோய் என்ற மருத்துவர் பல வருடம் ஆராய்ந்தார். பிறக்கும்போது எடை குறைவான குழந்தைக்கு வடிகட்டி அலகுகளான நெஃப்ரான்களும் எண்ணிக்கையில் குறைவு, இருக்கிறவை அதிக பாரம் சுமந்து வீங்குகின்றன. அதன்மேல் பள்ளி வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், இளமையில் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம். பூர்வகுடிப் பெரியவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஊரில் இருக்கும் ஒரே கடையில் காய்கறி விலை நகரத்தைவிட எவ்வளவோ அதிகம், குளிர்பானமும் பொட்டல உணவும்தான் எப்போதும் கிடைப்பது. நாற்பது வயதில் சிறுநீரகம் நிற்பது இப்படிப் பல வருடம் சேர்ந்து வருவது. நாட்டில் பூர்வகுடி மக்கள் ஆஸ்பத்திரியில் சேரும் கணக்கை எடுத்தால், ஏறக்குறைய பாதி டயாலிசிஸுக்காகத்தான்.

இதில் மிகக் கொடுமையான பகுதி மருத்துவப் பாடத்தில் வராது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மேற்கே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் கின்டோர் என்ற பிண்டுபி மக்களின் ஊர். அங்கே ஒருவருக்குச் சிறுநீரகம் நின்றுவிட்டால், வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலைந்து மணி நேரம் மெஷினில் இருக்க வேண்டும், அந்தக் காலத்தில் மெஷின் இருந்ததோ ஆலிஸ் ஸ்பிரிங்ஸில். ஆகவே உயிர் வேண்டுமென்றால் ஊரை விட வேண்டியிருந்தது, திரும்ப முடியாது. ஒரு பெரியவர் ஊரை விட்டுப் போவது என்றால் அவர் பொறுப்பில் இருக்கும் நிலம், சடங்குகள், பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை எல்லாம் நின்றுபோவது. நகரத்தில் வீடு கிடைக்காது, உறவினர் வீட்டுத் திண்ணையிலோ ஆற்றுப்படுகையிலோ படுப்பார்கள். சிலர் மெஷினை விட்டுவிட்டு ஊருக்கே போய் இறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்கள் அதை "சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினார்கள்.

கின்டோர் மக்களும் கிவிர்குரா ஊர் மக்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? பாலைவன ஓவியத்தில் உலகப் பெயர் பெற்றவர்கள் அவர்கள். ஆண்களும் பெண்களுமாகக் கூடி நான்கு பெரிய ஓவியங்களை வரைந்தார்கள். 2000 நவம்பரில் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் அவற்றையும் இன்னும் சில படைப்புகளையும் ஏலம் விட்டு 10 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டினார்கள். அரசு முடியாது என்று சொன்னதை அந்தப் பணத்தில் தொடங்கினார்கள். 2004இல் கின்டோரில் டயாலிசிஸ் ஓட ஆரம்பித்தது. அந்த அமைப்பைத்தான் எல்லோரும் பர்ப்பிள் ஹவுஸ் என்று கூப்பிடுகிறார்கள், தலைமை இடம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருக்கிறது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் அந்த ஊர்களின் மக்கள். இன்று பல தொலைதூர ஊர்களில் அவர்கள் கிளினிக் இருக்கிறது, மெஷின் பொருத்திய லாரி ஒன்றும் ஊர் ஊராகப் போகிறது. திருவிழா, சாவு, சடங்கு எதுவானாலும் நோயாளி ஊரில் இருந்தபடியே டயாலிசிஸ் செய்துகொள்ள முடிகிறது. 2018 நவம்பரில்தான் மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், மிகத் தொலைவான இடங்களில் செவிலியரோ பூர்வகுடி சுகாதாரப் பணியாளரோ நடத்தும் டயாலிசிஸுக்குத் தனிக் கட்டணம் கொடுக்க ஆரம்பித்தது. ஓவியம் விற்ற பணத்தில் தொடங்கியதை அரசு ஏற்றுக்கொள்ளப் பதினெட்டு வருடம் ஆயிற்று. டயாலிசிஸ் நோயாளிகள் உயிரோடிருக்கும் காலத்தில் நாட்டிலேயே கடைசியில் இருந்த மத்திய ஆஸ்திரேலியா இப்போது முன்வரிசையில் இருக்கிறது என்று அவர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கு உரியது. நேரம் கிடைத்த முதல் நாளே அங்கே போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். சிறுநீரக மாற்று சிகிச்சை மட்டும் இன்னும் இவர்களுக்கு மற்றவர்களைவிட மிகக் குறைவாகவே கிடைக்கிறது.

காது பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் உங்கள் நோயாளியிடம் நீங்கள் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பிறந்து சில மாதத்துக்குள்ளேயே நடுக்காதில் தொற்று. வலி இல்லாமலே சீழ் சேர்ந்து செவிப்பறை ஓட்டையாகிவிடும். ஒரு சமூகத்தில் நாள்பட்ட காது சீழ் 4 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அவசரமாகத் தலையிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். டெரிட்டரியின் சில ஊர்களில் குழந்தைகளிடம் அதைப்போலப் பல மடங்கு கண்டிருக்கிறார்கள். குழந்தை பேச்சுக் கற்கும் வயதில் கேட்கவில்லை, வகுப்பில் ஆங்கிலம் கேட்கவில்லை, "அடங்காத பிள்ளை" என்று பெயர் வாங்குகிறது. 2018-19 ஆய்வில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சோதனை செய்து பார்த்தபோது 43% பேருக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. அவர்களில் பத்தில் எட்டுப் பேர் தனக்கு அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லவே இல்லை. டார்வின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சிறைகளில் பூர்வகுடிக் கைதிகளைச் சோதித்தபோது 90 சதவீதத்துக்கும் மேல் காது மந்தம். போலீஸ் கூப்பிட்டது கேட்காமல் நடந்தவனையும், நீதிமன்றத்தில் கேட்ட கேள்வி புரியாமல் தலையாட்டியவனையும் அந்த எண்ணுக்குள் நினைத்துப் பாருங்கள். டயாலிசிஸ் மெஷின் இரைச்சலில் முதுகுப் பக்கம் நின்று நீங்கள் சொல்லும் அறிவுரை அவருக்குப் போய்ச் சேராது. முகத்துக்கு நேரே, நல்ல காது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள்.

இனி "ரத்தத்திலேயே இருக்கிறது" என்ற பேச்சு. மரபணுவால் வரும் நோயும் உண்டு, அது எங்கே என்றும் தெரியும். கார்பென்டாரியா வளைகுடாவில் உள்ள குரூட் தீவில், அனிண்டில்யாக்வா மக்களிடம் மச்சாடோ-ஜோசப் நோய் உலகிலேயே மிக அதிக விகிதத்தில் இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், கடைசியில் முழுநேரமும் சக்கர நாற்காலி, ஆனால் புத்தி தெளிவாகவே இருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரும். தாத்தாவுக்கு ஐம்பதில் வந்தது பேத்திக்கு முப்பதுக்குள் வரலாம். காரணம் தெரியாத காலத்தில் தீவிலுள்ள மாங்கனீசுச் சுரங்கத்தின் மேல் சந்தேகம் இருந்தது, சாபம் என்றும் பேச்சு இருந்தது. 2008இல் தீவுக் குடும்பங்கள் தங்களுக்கென்று ஒரு அறக்கட்டளையே தொடங்கினார்கள். மணலில் ஓடும் அகலச் சக்கர நாற்காலி, மீன்பிடிக்கக் கூட்டிப்போவது, உடம்பைத் தளரவிடாத பயிற்சி, மரபணுச் சோதனைக்கு முன் தாய்மொழியில் விளக்கம் எல்லாம் அவர்கள் முயற்சி. நகரத்து ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பும் நாற்காலி அந்த மணலில் பத்தடி நகராது. ஆனால் இந்த நோய் சில தீவுகளிலும் கடற்கரை ஊர்களிலும் உள்ள சில குடும்பங்களோடு நிற்பது. பாலைவனத்து மனிதரின் சிறுநீரகத்துக்கோ டூமாஜிப் பெண்ணின் வால்வுக்கோ இதை வைத்து விளக்கம் சொல்ல முடியாது.

குடி. அதுவும் உண்மையான பிரச்சினைதான், மறைக்க மாட்டேன். கடந்த ஒரு வருடத்தில் மதுவே தொடாதவர்கள் மற்ற ஆஸ்திரேலியர்களைவிட இவர்களிடம்தான் அதிகம், குடிப்பவர்களில் அளவுமீறிக் குடிப்பவர்களும் அதிகம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் ஃபிட்ஸ்ராய் கிராசிங் ஊரில் சாவுக்கு மேல் சாவு விழுந்தபோது, ஜூன் ஆஸ்கார், எமிலி கார்ட்டர் போன்ற பெண்கள் முன்னின்று, சொந்த ஊரிலேயே எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு, 2007இல் கடைகளில் கடுமையான மது விற்பதற்குத் தடை வாங்கினார்கள். பிறகு, கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் எத்தனை என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்களை அவர்களே அழைத்தார்கள். 2002, 2003இல் அந்த ஊர் இருக்கும் ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பாதிப்பு இருந்தது. தங்கள் பிள்ளைகளைப் பற்றி இப்படி ஒரு உண்மையை உலகத்துக்கு முன் வைக்க எத்தனை ஊருக்குத் தைரியம் இருக்கும்? அந்தத் தைரியத்தைப் பற்றிப் பேசாமல் "குடிகார ஜனங்கள்" என்று மட்டும் பேசுவது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம்.

குறைபாட்டுக்கான அரசு உதவி பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2013இல் தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, என்டிஐஎஸ் என்பார்கள். 65 வயதுக்குள், நிரந்தரக் குறைபாடு என்று நிரூபிப்பவருக்கு ஒரு தொகை ஒதுக்குவார்கள், அதைக் கொண்டு அவர் விரும்பும் சேவையை வாங்கிக்கொள்ளலாம். மெல்பர்னில் இது பலருக்கு வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. பாலைவன ஊரிலோ வாங்குவதற்குச் சேவையே இல்லை. பிசியோதெரபிஸ்ட் எப்போதாவது விமானத்தில் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவார், ஒதுக்கிய பணம் செலவாகாமல் கிடக்கும். "செலவழிக்கவில்லையே, அப்படியானால் தேவையில்லை" என்று அடுத்த வருடம் குறைக்கும் ஆபத்து வேறு. சேர்வதற்கே நிபுணர் சான்று வேண்டும், அந்த நிபுணரைப் பார்க்க வருடக்கணக்கில் காத்திருப்பு. டயாலிசிஸ் சுகாதாரத் துறையின் பொறுப்பு, இந்தத் திட்டத்தில் வராது. ஆனால் சர்க்கரையால் கால் எடுத்தவர், கண் போனவர், பக்கவாதம் வந்தவர் தகுதி பெறலாம். உங்கள் நோயாளிகளில் இப்படிப் பலர் யாரும் சொல்லாததால் விண்ணப்பிக்காமலே இருப்பார்கள்.

சொன்னாலும் சிலர் தயங்குவார்கள், அதற்கான காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1910இலிருந்து 1970 வரை பூர்வகுடிக் குழந்தைகளை அரசும் மிஷன்களும் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போனார்கள். பத்தில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையே என்று 1997 விசாரணை அறிக்கை கணக்கிட்டது. இன்றும் குழந்தை நலத் துறையின் பிடியில் பூர்வகுடிக் குழந்தைகள் மிக அதிகம். பிள்ளைக்குக் குறைபாடு என்று பதிவு செய்தால், "இவளால் பார்த்துக்கொள்ள முடியாது" என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஒரு தாய் பயப்படுகிறாள். ஊனமுற்றோர் மீதான வன்முறை, புறக்கணிப்பு பற்றிய அரசு விசாரணை ஆணையம் 2023 செப்டம்பரில் 12 தொகுதிகளும் 222 பரிந்துரைகளுமாக அறிக்கை கொடுத்தது. அதில் ஒன்பதாவது தொகுதி முழுவதும் பூர்வகுடி மக்களைப் பற்றியது, இந்தப் பயமும் அங்கே பதிவாகியிருக்கிறது. ஆகவே விண்ணப்பப் படிவத்தை நீங்கள் நீட்டும்போது எதிரே இருப்பவர் மௌனமானால், அக்கறையில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அவருக்கு நம்பிக்கையான பூர்வகுடி சுகாதாரப் பணியாளரை உட்கார வைத்துப் பேசுங்கள். 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் தொடங்கி இன்று நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் பூர்வகுடிகளே நடத்தும் மருத்துவ நிலையங்கள் இருக்கின்றன. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலும் உண்டு.

நடந்துகொள்ளும் முறை பற்றிக் கேட்டீர்கள். முதலில் மொழிபெயர்ப்பாளர். உங்கள் நோயாளிக்கு ஆங்கிலம் மூன்றாவது, நான்காவது மொழியாக இருக்கும். டார்வினில் யோல்ஙு என்ற பூர்வகுடி இனத்தின் டயாலிசிஸ் நோயாளிகளையும் ஊழியர்களையும் வைத்து நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. பேசியது புரிந்துவிட்டது என்று இரண்டு தரப்பும் நம்பிக்கொண்டிருந்த பேச்சுகளிலேயே அடிப்படை விஷயங்கள் போய்ச் சேரவில்லை என்று அதில் தெரிந்தது. நீங்கள் கேட்பதற்கெல்லாம் "ஆமாம்" என்று சொல்வது மரியாதைக்காக இருக்கலாம். "புரிந்ததா?" என்று கேட்காமல், "வீட்டுக்குப் போனதும் பேத்திக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். நார்தர்ன் டெரிட்டரியில் அரசின் பூர்வகுடி மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது, கூச்சப்படாமல் போன் செய்யுங்கள்.

உறவுமுறையில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அம்மாவின் அக்கா தங்கையும் அம்மாதான் என்பது, மாமன், அத்தை வழி தனி என்பது, யார் யாருக்கு என்ன முறை என்று முதலில் கேட்டுக்கொள்வது எல்லாம் நமக்குப் பெரியம்மா, சித்தி, மாமா என்று பழகியதுதான். வெள்ளைக்கார சக ஊழியருக்கு ஒருவருக்கு எப்படி நான்கு அம்மா என்று குழப்பமாக இருக்கும். முடிவெடுக்கும் உறவினர் யார் என்று படிவத்தில் ஒரு பெயர்தான் கேட்பார்கள், ஆனால் சிகிச்சை முடிவில் பேச உரிமையுள்ளவர் வேறொருவராக இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாலைவன மக்களிடம் மாமியாரும் மருமகனும் ஒருவர் முன் ஒருவர் வரக்கூடாது என்ற கண்டிப்பு உண்டு. அவர்களைப் பக்கத்துப் பக்கத்து டயாலிசிஸ் நாற்காலியில் போட்டால் ஒருவர் எழுந்து போய்விடுவார், காரணமும் சொல்ல மாட்டார். அட்டவணை போடும்போது அங்கே நாள்பட இருக்கும் பூர்வகுடி ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இறந்தவர் பெயரை உரக்கச் சொல்லாதீர்கள். ஊரில் சாவு என்றால் வாரக்கணக்கில் போய்விடுவார்கள், அது விருப்பப்படி எடுக்கும் லீவு இல்லை, தவிர்க்க முடியாத கடமை.

அதனால் ஒவ்வொரு நோயாளியிடமும் சேர்ந்த அன்றே சொந்த ஊர் எது, அங்கே டயாலிசிஸ் இருக்கிறதா, அடுத்த சில மாதத்தில் எப்போது போக வேண்டியிருக்கும் என்று கேட்டுக் கோப்பில் எழுதி வையுங்கள். ஊர் கிளினிக்குகளில் நாற்காலிகள் குறைவு, லாரிக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், பர்ப்பிள் ஹவுஸுக்கு எவ்வளவு சீக்கிரம் தகவல் போகிறதோ அவ்வளவு நல்லது. ஐம்பது வயதைத் தாண்டியவராக இருந்தால் முதியோர் பராமரிப்புத் திட்டத்துக்கும் விண்ணப்பியுங்கள், பூர்வகுடி மக்களுக்கு அது 65 வரை காத்திருக்காமல் 50லேயே திறந்திருக்கிறது. வருடாந்தர இலவச உடல் பரிசோதனையை மெடிகேரில் 715 என்று கேளுங்கள், அதில் காதையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் பள்ளிப் பிள்ளை இருக்கிறதா, அதற்குத் தோல் புண் இருக்கிறதா என்று விசாரியுங்கள், இருந்தால் அன்றே கிளினிக்குக்கு அனுப்புங்கள்.